இருக்கையும் சேர்ந்ததுதான் ஆட்டம்: செகாவின் ஏஎம்2 பிரிவு

ஜப்பானின் செகா நிறுவனம் 1986-ல் வெளியிட்ட 'அவுட் ரன்' இயந்திரத்தில் காசு போட்டவுடன் கார் புறப்பட்டுவிடாது. முதலில் திரையில் ஒரு கார் ரேடியோ தெரியும். அதன் குமிழைப் பிடித்தபடி ஒரு கை. உங்கள் முன்னால் இருக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ரேடியோவின் அலைவரிசை மாறும். மூன்று மெட்டுகளில் மனதுக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் சாலை கண்ணில் படும்.

காசு போட்டு ஆடும் தொழிலில் இது துணிச்சலான காரியம். இயந்திரம் சும்மா நிற்கும் ஒவ்வொரு நொடியும் கடைக்காரருக்கு நஷ்டம். அப்படியிருந்தும் பயணம் போகிறவர் பாட்டைப் போட்டுவிட்டுத்தானே வண்டியை எடுப்பார் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இசையமைத்தவர், படம் வரைந்தவர், ஸ்டியரிங்கைப் பொருத்தியவர் ஆகியோர் ஆளுக்கொரு கம்பெனியில் இருந்திருந்தால் இந்த யோசனை காகிதத்தோடு நின்றுபோயிருக்கும். எல்லோரையும் ஒரு கூரையின் கீழ் வைத்திருந்த பிரிவுதான் இதைச் செய்தது. பிற்பாடு ஏஎம்2 என்ற பெயரில் உலகம் அறிந்த அந்தப் பிரிவை, இந்தத் துறையின் பக்கமே போகாதவருக்கும் புரியும்படி அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. ஆர்கேட் இயந்திரம் என்றால் திரையில் ஓடும் ஆட்டம் மட்டும் அல்ல. வெளியே தெரியும் கூடு, அதாவது கேபினட்; அதற்குள் இருக்கும் போர்டு, அதாவது அந்த ஆட்டத்துக்காகவே செய்யப்பட்ட கணினி; அந்தப் போர்டில் ஓடும் நிரல். இந்த மூன்றும் சேர்ந்ததே இயந்திரம். வீட்டில் ஆடும் வீடியோ கேமை ஆடுபவரே விலை கொடுத்து வாங்குகிறார். ஆர்கேட் இயந்திரத்தை வாங்குபவர் விளையாட்டுக்கூடத்தின் முதலாளி. பெரிய தொகையைக் கொடுத்து வாங்கி வைத்து, வருகிறவர்கள் போடும் சில்லறைக் காசில் போட்ட முதலை அவர் எடுத்தாக வேண்டும்.

இதனால் ஆர்கேட் ஆட்டத்துக்கென்று சில நிர்ப்பந்தங்கள் உண்டு. வாசலில் நிற்பவரையும் அது கவர்ந்து உள்ளே இழுக்க வேண்டும். கையேடு படிக்க யாருக்கும் நேரம் இல்லை, ஆகவே உட்கார்ந்த சில நொடிகளில் ஆடும் விதம் புரிந்துவிட வேண்டும். சில நிமிடங்களில் ஆட்டம் முடிய வேண்டும். எழுந்து போகிறவருக்கு இன்னொரு காசைப் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையும் இருக்க வேண்டும். இவை கைகூடுகின்றனவா என்று பார்க்க, முழுமையாக முடியாத இயந்திரத்தையே உண்மையான கூடம் ஒன்றில் கொண்டுபோய் வைப்பார்கள். லொகேஷன் டெஸ்ட் என்பதைச் சுருக்கி ஜப்பானியர் இதை 'ரோகே டெஸ்ட்' என்கிறார்கள். பெட்டியில் விழுந்த காசுக்கு 'இன்கம்' என்று பெயர். உருவாக்கியவர்களின் பெருமையை விட அந்தக் காசு சொல்லும் கணக்குக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம்.

செகாவுக்கு இயந்திரம் புதிதல்ல. 'சர்வீஸ் கேம்ஸ்' என்ற பெயரின் முதல் எழுத்துகள் சேர்ந்ததே செகா. 1965-ல் டேவிட் ரோசனின் நிறுவனத்தோடு இணைந்து செகா என்டர்பிரைசஸ் ஆனது. 1966-ல் வந்த அதன் 'பெரிஸ்கோப்' இயந்திரத்தில் கணினியே கிடையாது. அட்டைக் கப்பல்கள் சங்கிலியில் நகரும். நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் வழியாகக் குறி பார்த்து அழுத்தினால் டார்ப்பிடோ போகும் பாதையில் விளக்குகள் வரிசையாக எரியும். அமெரிக்காவில் இதற்கு ஓர் ஆட்டத்துக்கு 25 சென்ட் வாங்கினார்கள். அந்தக் கட்டணமே அங்கே வழக்கமாக நிலைத்தது. மோட்டாரும் சங்கிலியும் விளக்கும் வைத்து ஆசை காட்டத் தெரிந்த கம்பெனி இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வருவது எதுவும் வியப்பாக இருக்காது.

ஏஎம் என்பது அம்யூஸ்மென்ட் மெஷின் என்பதன் சுருக்கம். ஆர்கேட் இயந்திரங்களைச் செய்யும் ஆய்வு உருவாக்கப் பிரிவுகளுக்கு இந்த எழுத்துகளோடு ஓர் எண்ணைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்: ஏஎம்1, ஏஎம்2, ஏஎம்3. இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. 'அவுட் ரன்' உருவான காலத்தில் ஏஎம்2 என்ற பெயர் இல்லை. அந்தக் குழு அப்போது எட்டாவது பிரிவாக இருந்தது; எண் பிற்பாடு மாறியது. குழுவின் தலைவர் மட்டும் மாறவில்லை. அவர் யூ சுஸுகி.

சுஸுகி 1983-ல் நிரலாளராகச் செகாவில் சேர்ந்தார். அந்த ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி நின்டெண்டோ தன் ஃபேமிகாம் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நாளில் செகாவும் தன் எஸ்ஜி-1000 என்ற வீட்டுக் கருவியை வெளியிட்டது. ஆட்டம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் கூடத்துக்கு யார் வருவார்கள்? வீட்டில் வைக்க முடியாத ஒன்றைக் கொடுத்தால்தான் வருவார்கள். கூடங்களுக்கு வேறொரு நெருக்கடியும் இருந்தது. 1985 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் விளையாட்டுக்கூடங்களை மதுக்கடைகள், சூதாட்ட நிலையங்கள் முதலியவற்றைக் கண்காணிக்கும் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து, நள்ளிரவுக்கு மேல் திறந்து வைக்கத் தடை விதித்தது. இருட்டும் புகையுமான இடம் என்ற பேரைத் துடைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் தொழிலுக்கு வந்தது.

அந்த ஆண்டுதான் சுஸுகியின் 'ஹேங் ஆன்' வந்தது. கூடத்தின் நடுவில் ஒரு நிஜ மோட்டார் சைக்கிளின் அளவில் ஒரு மோட்டார் சைக்கிள். ஏறி உட்கார்ந்து, வளைவு வரும்போது உடல் எடையைக் கொடுத்து வண்டியையே சாய்க்க வேண்டும். வண்டி சாயும் அளவுக்குத் திரையில் ஓட்டுபவரும் சாய்வார். உடலால் உணரும் ஆட்டம் என்ற பொருளில் ஜப்பானியர் இந்த வகைக்கு 'தைகான்' என்று பெயரிட்டார்கள். ஆடுபவருக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பதற்கும் ஒரு கூட்டம் சேர்ந்தது. வேடிக்கை பார்க்கிறவர்தான் அடுத்த காசைப் போடப்போகிறவர்.

திரைக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். நம் தோல்பாவைக் கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாவை தட்டையான தோல். அதற்குப் பருமன் கிடையாது. ஆனால் திரையை விட்டு விலக்கி விளக்கின் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெரிதாகி, உருவம் நம்மை நோக்கி வருவது போலத் தோன்றும். 'ஹேங் ஆன்' போர்டு செய்ததும் இதுதான். மரம், விளம்பரப் பலகை, எதிராளியின் வண்டி எல்லாம் தட்டையாக வரைந்த படங்கள். அவற்றை ஸ்பிரைட் என்பார்கள். தூரத்தில் சிறிதாகத் தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அவற்றைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், நாம் அவற்றை நோக்கிப் பாய்வது போன்ற மயக்கம் உண்டாகும். சிறிய கணினியில் இதைச் செய்ய ஒரே மரத்தை நாலைந்து அளவுகளில் வரைந்து வைத்து மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். மரம் திடுக்திடுக்கென்று வளரும். செகாவின் போர்டில் பெரிதாக்கும் வேலைக்கென்றே தனிச் சுற்றுகள் இருந்ததால் அந்தத் திடுக்கிடல் மறைந்தது. 'சூப்பர் ஸ்கேலர்' என்று இந்த உத்தியை அழைத்தார்கள். போட்டி நிறுவனமான நாம்கோவின் 'போல் பொசிஷன்' என்ற கார் ஆட்டம் 1982-லேயே இந்தப் பாதையில் நடந்திருக்கிறது; செகாவின் பழைய கார் ஆட்டங்களும் அப்படியே. சுஸுகியின் குழு கொண்டுவந்தது எண்ணிக்கையும் வேகமும். திரை நிறையப் பொருள்களை வைத்துக்கொண்டு அத்தனையையும் வழுக்கிக்கொண்டு வரச்செய்தார்கள்.

அதே 1985-ல் வந்த 'ஸ்பேஸ் ஹாரியர்' இந்தப் பிரிவு எப்படி யோசித்தது என்பதற்கு நல்ல பாடம். முதல் திட்டத்தில் அது ஹாரியர் போர் விமானத்தின் ஆட்டம். விமானம் திரும்பினால் பக்கம், சாய்ந்தால் வயிறு, ஏறினால் முதுகு என்று ஒவ்வொரு கோணத்துக்கும் தனிப் படம் வேண்டும். அத்தனை படங்களையும் வைக்க நினைவகத்தில் இடம் இல்லை. பறக்கும் மனிதனாக மாற்றினால் படங்கள் வெகுவாகக் குறையும். ஆகவே விமானம் போய், பெரிய துப்பாக்கியைத் தாங்கிப் பறக்கும் மனிதன் வந்தான். ஹாரியர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. இதில் இருக்கையே மோட்டாரால் அசைந்தது. கைப்பிடியை இழுத்த பக்கம் திரையும் இருக்கையும் சேர்ந்து சாயும்.

பிறகு 'அவுட் ரன்'. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பயணமாகத்தான் சுஸுகி முதலில் நினைத்தார். அங்கே ஓர் அழகான இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் வெறும் நிலம் அதிகம் என்று கைவிட்டு, வாடகைக் காரில் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தார். ஜெர்மனி, ஆல்ப்ஸ் மலைப்பகுதி, பிரான்ஸின் தென்கடற்கரை, மொனாக்கோ, இத்தாலி என்று சென்ற அந்தப் பயணமே ஆட்டத்தின் நிலக்காட்சியாக ஆனது. திரையில் ஓடும் காரும் ஃபெராரி டெஸ்டரோசாவைப் பார்த்து வரைந்தது. இது பந்தயமே இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். முந்த வேண்டிய எதிராளி யாரும் கிடையாது. மற்ற வண்டிகள் எல்லாம் தங்கள் வேலையாகப் போகும் சாதாரணப் போக்குவரத்து. ஒரே எதிரி கடிகாரம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும். மொத்தம் 15 கட்டங்கள். ஒரு பயணத்தில் ஐந்தை மட்டுமே பார்க்க முடியும். முடியும் இடங்களும் ஐந்து. இன்று கடற்கரைப் பக்கம் போனவர் நாளை மலைப்பக்கம் போய்ப் பார்க்க இன்னொரு காசோடு வருவார். ரசனையும் வியாபாரமும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளாமல் கைகோத்த இடம் அந்தக் கிளைச்சாலை. ஆரம்பத்தில் சொன்ன மூன்று மெட்டுகளும் ஹிரோஷி கவாகுச்சி அமைத்தவை.

1987-ல் 'ஆஃப்டர் பர்னர்', 1988-ல் 'பவர் டிரிஃப்ட்' என்று வரிசை நீண்டது. இந்தப் போக்கின் உச்சம் 1990-ல் வந்த ஆர்360. வானூர்தி போல இருக்கும் கூண்டுக்குள் பட்டை கட்டி உட்கார வைப்பார்கள். திரையில் விமானம் தலைகீழானால் ஆடுபவரும் நிஜமாகவே தலைகீழாகத் தொங்குவார். பக்கத்தில் ஒரு பணியாளர் எப்போதும் நிற்க வேண்டும். பயந்துபோனவர் அழுத்துவதற்கு ஒரு நிறுத்தப் பொத்தானும் உண்டு. இதற்கு மேல் இருக்கையை வைத்துச் செய்ய என்ன இருக்கிறது? அடுத்த பாய்ச்சல் திரைக்குள்தான் நடக்க வேண்டியிருந்தது.

தோல்பாவையிலிருந்து மரப்பாவைக்கு மாறியதாக அதைச் சொல்லலாம். தோல்பாவைக்கு முதுகுப்பக்கம் கிடையாது. மரப்பாவையை எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். ஒரு பொருளின் மூலைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை எண்களாகக் கொடுத்து, அந்த மூலைகளை இணைக்கும் தட்டையான பலகோணங்களால் அதன் மேற்பரப்பை மூடிவிட்டால், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதைக் கணினியே கணக்கிட்டு வரைந்துகொள்ளும். ஒவ்வொரு கோணத்துக்கும் ஓவியர் படம் வரைய வேண்டியதில்லை. 'ஸ்பேஸ் ஹாரியர்' காலத்தில் விமானத்தைக் கைவிடச் செய்த பிரச்சினையே இங்கே மறைந்துபோகிறது. விலையாகக் கேட்டது கணக்கிடும் வேகம்.

அந்த வேகத்துக்காகச் செகா செய்த போர்டுக்கு 'மாடல் 1' என்று பெயர். நொடிக்கு 1,80,000 பலகோணங்கள் அதன் திறன். பலகோணக் கார் ஆட்டங்கள் முன்பே இருந்தன. நாம்கோவின் 'வின்னிங் ரன்' 1988-லேயே வந்துவிட்டது. மாடல் 1 சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கவே தொடங்கப்பட்ட 'வர்ச்சுவா ரேசிங்' 1992-ல் முழு ஆட்டமாக வெளிவந்தது. அதில் நான்கு பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் ஓட்டுநரின் கண்ணில் தெரியும் சாலை; இன்னொன்றை அழுத்தினால் பார்வை பின்வாங்கி மேலே எழும்பி, பாதை முழுவதும் காலடியில் விரியும். காரை ஓட்டிக்கொண்டே இதைச் செய்யலாம்.

அடுத்த ஆண்டு அதே போர்டில் 'வர்ச்சுவா ஃபைட்டர்'. சண்டை போடும் மனிதர்களைப் பலகோணங்களால் செய்தார்கள். படத்தை ஒட்டும் வசதி அந்தப் போர்டில் இல்லாததால் முகங்கள் உளியால் செதுக்கிப் பாதியில் விட்ட மரச்சிற்பம் போல இருக்கும். ஆனால் அடி வாங்கியவர் கீழே விழும்போது எடையோடு விழுந்தார். பொத்தான்கள் மூன்றே: தடுக்க, குத்த, உதைக்க. ஜப்பானில் இது வெறும் வெற்றியாக நிற்கவில்லை, பித்தாகவே ஆனது. 1994-ல் இரண்டாம் பாகம் வந்த பின், ஆடும் ஊரையும் கதாபாத்திரத்தின் பெயரையும் சேர்த்து 'ஷின்ஜுகு ஜாக்கி', 'இகேபுகுரோ சாரா' என்று பட்டப்பெயர் வாங்கிய வீரர்கள் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் பேசப்பட்டார்கள். முதல் பாகத்தில் பணியாற்றிய செய்ச்சி இஷீ பிற்பாடு நாம்கோவுக்குப் போய் 'டெக்கன்' ஆட்டத்தை இயக்கினார். ஒரு பிரிவின் அறையில் பழகிய வித்தை இப்படி ஊரெங்கும் பரவியது.

பலகோணத்தின் மேல் படத்தை ஒட்டும் நுட்பம் அப்போது ராணுவ விமானப் பயிற்சிக் கருவிகளில்தான் நன்றாக வளர்ந்திருந்தது. அந்தத் துறையில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக்கின் விண்வெளிப் பிரிவோடு சேர்ந்து செகா 'மாடல் 2' போர்டைச் செய்தது. அதில் வந்த முதல் ஆட்டம் 'டேடோனா யுஎஸ்ஏ'. தொஷிஹிரோ நகோஷி இயக்கினார்; இசையமைத்த தகெனொபு மித்சுயோஷி தானே பாடினார். எட்டு இருக்கைகள் வரை இணைத்து, எட்டுப் பேர் ஒரே பாதையில் மோதலாம். சுவரில் இடித்தால் ஸ்டியரிங் கையை உலுக்கும், ஏனென்றால் அதற்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. வந்து முப்பது ஆண்டுகளான பிறகும் உலகின் பல ஊர்களில் இந்த இயந்திரம் காசு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த வளர்ச்சிக்குள்ளேயே ஒரு சிக்கலும் வளர்ந்தது. 1996-ல் 'வர்ச்சுவா ஃபைட்டர் 3' ஆட்டத்தோடு வந்த 'மாடல் 3' நொடிக்குச் சுமார் 10 லட்சம் பலகோணங்களை வரையக்கூடியது; அதற்கேற்ற விலையும் இருந்தது. மறுபக்கம் வீட்டுக் கருவிகள் வேகமாக நெருங்கி வந்தன. 1998-ல் செகா கொண்டுவந்த நவோமி என்ற ஆர்கேட் போர்டு, அதே ஆண்டு வந்த ட்ரீம்காஸ்ட் என்ற வீட்டுக் கருவியின் பாகங்களை வைத்தே செய்யப்பட்டது. கடைக்காரருக்கு விலை குறைந்தது, அது நல்ல விஷயம். ஆனால் ஏஎம்2 போன்ற பிரிவின் உயிர்நாடியே வீட்டில் கிடைக்காத போர்டு அல்லவா? கூடத்தில் பார்த்ததை அப்படியே வீட்டுத் தொலைக்காட்சியிலும் பார்க்கலாம் என்று ஆனபோது அந்த நாடி தளர்ந்தது.

சுஸுகியின் கவனமும் வீட்டுப் பக்கம் திரும்பியது. 'வர்ச்சுவா ஃபைட்டர்' உலகத்தை வைத்து ஒரு நீண்ட கதையாட்டமாகத் தொடங்கி, 1999-ல் ட்ரீம்காஸ்டுக்கு 'ஷென்மு'வாக முடிந்த ஆட்டம் அவருடைய பிரிவுக்கு ஆண்டுக்கணக்கில் வேலை வைத்தது. கதை நடப்பது 1986-ல், யொகோசுகா நகரில். கதாநாயகன் அங்கே ஒரு விளையாட்டுக்கூடத்துக்குள் நுழைந்தால் 'ஹேங் ஆன்', 'ஸ்பேஸ் ஹாரியர்' இயந்திரங்கள் நிற்கும். அவற்றை முழுதாக ஆடலாம்.

நிறுவனக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000-ஐ ஒட்டிச் செகா தன் பிரிவுகளைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரித்தது. ஏஎம்3 'ஹிட்மேக்கர்' ஆனது, ஏஎம்2 மட்டும் பழைய பெயரை விடவில்லை. 2001-ல் செகா வீட்டுக் கருவிகள் செய்வதையே நிறுத்தியது. 2003-ல் சுஸுகி ஏஎம்2-ஐ விட்டு விலகினார். 2004-ல் செகாவும் சாமி நிறுவனமும் இணைந்தபோது பிரிந்த நிறுவனங்கள் திரும்பவும் தாய் நிறுவனத்துக்குள் கரைந்தன. 2005-ல் வந்த 'லிண்ட்பெர்க்' போர்டைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது சாதாரண மேசைக்கணினியின் பாகங்கள்.

ஏஎம்2 அதன் பிறகும் வேலை செய்தது. 2001-ல் வந்த 'வர்ச்சுவா ஃபைட்டர் 4' ஆடுபவரின் வெற்றி தோல்விக் கணக்கை ஓர் அட்டையோடு இணைத்தது. எந்த ஊர்க் கூடத்தில் ஆடினாலும் கணக்கு கூடவே வரும். 2018-ல் வந்த 'ஃபேட்/கிராண்ட் ஆர்டர் ஆர்கேட்' ஆட்டத்தில் இயந்திரமே கதாபாத்திரங்களின் அட்டைகளை அச்சடித்துக் கொடுக்கும். அவற்றைக் கையோடு எடுத்துப் போகலாம். வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தேடும் பழைய பழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை என்று இதைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது. கூடங்கள்தான் கை மாறின. பெருந்தொற்றுக் காலத்து நஷ்டத்துக்குப் பிறகு 2020-ன் இறுதியில் தன் விளையாட்டுக்கூட நிறுவனத்தின் 85.1 சதவீதப் பங்கை ஜெண்டா என்ற நிறுவனத்துக்குச் செகா விற்றது. 2022-ல் மீதியையும் கொடுத்துவிட, செகா என்ற பெயர்ப்பலகைகள் இறங்கி 'கிகோ' என்ற பலகைகள் ஏறின.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. 2012-ல் எம்2 என்ற ஜப்பானிய நிறுவனம் 'ஸ்பேஸ் ஹாரியர்' ஆட்டத்தை நின்டெண்டோ 3டிஎஸ் என்ற சிறிய கைக்கருவிக்குக் கொண்டுவந்தது. ஏஎம் எழுத்துகளோடு இந்தப் பெயருக்குத் தொடர்பு இல்லை. அசல் போர்டில் இருந்ததை எல்லாம் அவர்கள் சரியாகவே கொண்டுவந்துவிட்டார்கள். அதோடு விடாமல் ஒரு தனி வசதியைச் சேர்த்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால், ஆடுபவர் திருப்பும் பக்கத்துக்கு ஏற்பக் காட்சி முழுவதும் அசல் இருக்கை சாய்ந்தது போலச் சாயும். பழைய இயந்திரத்தின் மோட்டார் உறுமும் சத்தமும் பொத்தான் அழுத்தப்படும் சத்தமும் இசைக்கு அடியில் கேட்கும்.